பல்லாவரம் சந்தையில கொஞ்சம் இத்தாலி!

தாம்பரம் ஸ்டேஷன். பீச் லோக்கலுக்காக நிக்கறீங்க. பக்கத்துல நாற்பத்தெட்டு வயசு ஆள் ஒருத்தர். சட்டைப் பாக்கெட்ல டெஸ்டர், கையில நாற்பது பக்க நோட்டு. தண்டவாளத்தையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு, "இல் த்ரேனோ எ இன் ரிதார்தோ... இல் த்ரேனோ எ இன் ரிதார்தோ"னு முணுமுணுத்துட்டே இருக்காரு. நீங்க என்ன பண்ணுவீங்க? ரெண்டடி தள்ளிப் போய் நிப்பீங்க. போன வருஷம் மூணு மாசம், தாம்பரத்துல பாதிப் பேர் அதைத்தான் செஞ்சாங்க!

பயப்படாதீங்க ஃப்ரெண்ட்ஸ்... அவர் சொன்னது, 'ரயில் லேட்டா வருது'. மொழி, இத்தாலியன். ஆள், எங்க அம்மாவோட தம்பி. சொல்லிக் கொடுத்த மேதாவி... ஹி ஹி, நானேதான்!

குரோம்பேட்டைக்கும் இத்தாலிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கறீங்களா? பேர்லயே இருக்கு. குரோம்னா குரோமியம். இருபதாம் நூற்றாண்டோட ஆரம்பத்துல இந்தப் பக்கம் வந்த குரோம் லெதர் கம்பெனியாலதான் ஊருக்கே அந்தப் பேர். கம்பெனியை நடத்தின சேம்பர்ஸ் துரை பேர்ல 'சேம்பர்ஸ் காலனி' இன்னிக்கும் இருக்கு. குரோமிய உப்புல ஊறின தோல், டிரம்மை விட்டு வெளிய வரும்போது வெளிர்நீலமா இருக்கும். அதுக்கு டேனரிக்காரங்க வச்ச பேர் 'வெட் ப்ளூ'. பல்லாவரம், நாகல்கேணி பக்கம் போனா மூக்கே வழி காட்டும். அந்த டேனரிகள்ல சதை சீவுற மெஷின், தோலைக் குறுக்கால ரெண்டாப் பிளக்கற மெஷின்னு பெருசு பெருசா நிக்குதே, அதுல நிறைய இத்தாலியில செஞ்சது. உலகத்துக்கே தோல் மெஷின் செஞ்சு அனுப்பறதுல இத்தாலிக்காரங்க கில்லாடிங்க.

மாமா அந்த மாதிரி ஒரு டேனரியில மெயின்டனன்ஸ். பத்தாவது வரைக்கும்தான் படிப்பு. ஆனா மெஷினைத் தொடாமலே, சத்தத்தைக் கேட்டே "பேரிங் போச்சு"ன்னு சொல்ற ஆளு. மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கற நான், அந்த விஷயத்துல அவர் கால் தூசு. (இதை என் ஹெச்.ஓ.டி. படிக்காம இருக்கணும் சாமி!)

போன வருஷம் புது மெஷின் ஒண்ணு ஆர்டர் பண்ணினாங்க. பயிற்சிக்கு ஒரு ஆளை ரெண்டு வாரம் இத்தாலிக்கு அனுப்பணும். மாமா பேர் அடிபட்டுச்சு. அவர் முகத்துல சந்தோஷத்தைவிட கிலிதான் அதிகம். காரணம் இருக்கு. நாலு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு சான்ஸ் வந்து, "உனக்கு இங்கிலீஷ் வராதேப்பா"ன்னு சொல்லி, மாமாகிட்ட வேலை கத்துக்கிட்ட டிப்ளமோ பையனை அனுப்பிட்டாங்க. மாமா எதுவும் பேசலை. அன்னிக்கு ராத்திரி சாப்பிடாம படுத்துட்டாருன்னு அத்தை பல வருஷம் சொல்லிக் காட்டினாங்க.

இந்தத் தடவை அவர் என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, ஒரு மூணு மாசத்துல எனக்கு இங்கிலீஷ் வந்துருமா?"ன்னு கேட்டாரு. எனக்கு என்னவோ தோணுச்சு. "மாமா, நீங்க போற ஊர்ல அவங்களுக்கே இங்கிலீஷ் தகராறுதான். பேசாம இத்தாலியனே கத்துக்கோங்களேன்"னேன். சும்மா ஜோக்கா சொன்னது. மனுஷன் அடுத்த நாளே நோட்டு வாங்கிட்டாரு!

அப்போதான் நான் ஒண்ணு கவனிச்சேன். இங்கிலீஷ்ல 'குட் மார்னிங்' சொல்லவே நாலு பக்கம் பார்த்துக் கூசற மாமா, 'புவோன் ஜோர்னோ'ன்னு பிளாட்ஃபார்ம் அதிரச் சொன்னாரு. இங்கிலீஷ் தப்பானா நம்ம ஊர்ல சிரிக்க ஆயிரம் பேர் இருக்காங்க. இத்தாலியன் தப்பானா சிரிக்க தாம்பரத்துல யாரு இருக்கா சொல்லுங்க?

எனக்கு மட்டும் இத்தாலியன் தெரியுமான்னா... ம்ஹூம்! ஒரு மொபைல் ஆப், யூடியூப், அப்புறம் பல்லாவரம் சந்தையில நாற்பது ரூபாய்க்கு வாங்கின, அட்டை கிழிஞ்ச பழைய டூரிஸ்ட் புத்தகம். அவ்ளோதான் சரக்கு. காலேஜ் லீவுல இந்தப் பத்திரிகைக்கு இன்டர்ன்ஷிப் வந்துட்டிருந்தேன். காலையில ரெண்டு பேரும் தாம்பரத்துல ஏறுவோம். அடுத்து சானடோரியம், அதுக்கு அடுத்தது குரோம்பேட்டை, மாமா இறங்கிடுவாரு. ரெண்டே ரெண்டு ஸ்டாப்! ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம்தான் முடியும். 1931ல இந்தப் பாதையில மின்சார ரயில் விட்டப்போ, அதுல இத்தாலியன் டியூஷன் நடக்கும்னு யாராவது கனவு கண்டிருப்பாங்களா?

'க்ராட்சியே', நன்றி. 'ஸ்கூசி', மன்னிக்கணும், கொஞ்சம் வழி விடுங்க. 'பெர் ஃபவோரே', தயவு செய்து. 'நோன் கபீஸ்கோ', புரியலை. 'பியூ பியானோ', இன்னும் மெதுவா. கடைசி ரெண்டும்தான் உயிர் காக்கும் மருந்துன்னு பின்னாடி தெரிஞ்சுது. 'தோவ் எ இல் பாஞ்ஞோ', பாத்ரூம் எங்க? இந்த 'ஞ்ஞோ' இருக்கே, இங்கிலீஷ்காரங்க இதுக்கு நாக்கு சுளுக்கிப்பாங்களாம். 'அஞ்ஞானம்'னு சொல்லத் தெரிஞ்ச நமக்கு இதெல்லாம் ஜுஜுபி! மாமா போகவேண்டிய ஊர் பேரே 'அர்ட்சிஞ்ஞானோ'. வெனிஸ் இருக்கற மாநிலத்துல, விசென்ட்சா நகரம் பக்கத்துல இருக்கற டேனரி ஊர். சுருக்கமா, அவங்க ஊர் குரோம்பேட்டை!

இன்னொரு விஷயத்துலயும் நாம லக்கி. இத்தாலியன்ல ஒரு எழுத்தை ஒருதரம் சொல்றதும் அழுத்தி ரெண்டுதரம் சொல்றதும் வேற வேற வார்த்தை. நம்ம 'கனம், கன்னம்' மாதிரி. 'நோன்னோ'ன்னா தாத்தா, 'நோனோ'ன்னா ஒன்பதாவது. 'ஆன்னி'ன்னா வருஷங்கள். ஒருத்தரோட வயசைக் கேட்கும்போது அந்த 'ன்'னை முழுங்கிட்டீங்கன்னா, இந்தப் பத்திரிகையில அச்சடிக்க முடியாத ஒரு உடலுறுப்பு வந்து நிக்கும். உஷார்! அப்புறம், இத்தாலிய வார்த்தை பெரும்பாலும் உயிரெழுத்து சத்தத்துலதான் முடியும். பஸ்ஸை 'பஸ்ஸு'ன்னும், கேட்டை 'கேட்டு'ன்னும் சொல்ற நமக்கு அதுவும் சொந்த ஊர் மாதிரிதான்.

கஷ்டம் எங்கே வந்துச்சுன்னா, நோட்டுல. மாமா எல்லாத்தையும் தமிழ்லதான் எழுதிக்கிட்டாரு. 'எவ்வளவு'ங்கறதுக்கும் 'எப்போது'ங்கறதுக்கும் இத்தாலியன்ல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். முன்னது வல்லின 'த', பின்னது மெல்ல ஒலிக்கற 'த'. தமிழ்ல எழுதினா? ரெண்டுமே 'குவாந்தோ'! நான் திருதிருன்னு முழிச்சேன். மாமா கூலா சிவப்புப் பேனாவை எடுத்து, அழுத்திச் சொல்ற எழுத்துக்குக் கீழே கோடு போட்டாரு. வயரிங்ல கலர் கோடு போடற மாதிரி! நோட்டு முழுக்க அப்படித்தான். எந்த 'க', எந்த 'ப', எந்த 'த' அழுத்தணும்னு சிவப்புக் கோடு பார்த்தாலே போதும்.

அந்த நோட்டைப் பார்த்தப்போ எனக்கு ஸ்கூல் தமிழ்ப் புத்தகம் ஞாபகம் வந்துச்சு. மெரினாவுல, 1968 உலகத் தமிழ் மாநாட்டப்போ வச்ச சிலைகள்ல வீரமாமுனிவர் நிக்கறார் இல்லையா? கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680ல பிறந்தவர். பிறந்த ஊர் காஸ்திலியோனே. மிலான்லேர்ந்து வெனிஸ் போற ரயில் பாதைக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கு. முப்பது வயசு வாக்குல தமிழ்நாட்டுக்கு வந்து, தமிழ் கத்துக்கிட்டு, 1732ல 'சதுரகராதி'ன்னு அகராதியே போட்டவர். எ, ஏ ரெண்டும் அதுவரைக்கும் மேல ஒரு புள்ளி வச்சா குறில், வைக்கலைன்னா நெடில்னு இருந்தது. ஓலைச்சுவடியில புள்ளி வைக்கறது சிரமம். ஓலை கிழியும்னு பல பேர் வைக்கவே மாட்டாங்க. படிக்கறவன் பாடு திண்டாட்டம். அதை மாத்தி, நாம இன்னிக்கு எழுதற நெடில் 'ஏ', 'ஓ', அப்புறம் ரெட்டைச் சுழி போட்ட கொம்பு எல்லாம் கொண்டு வந்தவர் அவர்தான். மாமா நோட்டுல 'ஃபவோரே'ன்னு எழுதியிருக்காரே, அந்த ரெட்டைச் சுழி ஒரு இத்தாலிக்காரர் நமக்குக் கொடுத்தது! இதைச் சொன்னதும் மாமா, "அப்போ அந்த ஆளும் நோட்டு போட்டுத்தான் கத்துக்கிட்டு இருப்பாரு"ன்னாரு. அவருக்கு அதுல ஒரு தெம்பு.

பிராக்டிகல் வேணுமே? அதுக்குத்தான் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை. போகாதவங்க போய்ப் பாருங்க. பழைய ட்ரங்க் ரோடு ஓரத்துல செடி, கருவாடு, செகண்ட் ஹேண்ட் மிக்ஸி, ஒத்தைக் கால் ஷூ, யாரோ வீட்டுக் கல்யாண ஆல்பம்னு சகலமும் கிடைக்கும். அங்க மாமா ஒவ்வொரு கடையா நின்னு, "குவாந்தோ கோஸ்தா?"ன்னு கேட்பாரு. "என்னாண்ணா?"ம்பாங்க. நான் விலையைச் சொல்லணும், அவர் அதை இத்தாலியன்ல திருப்பிச் சொல்லணும். முதல் வாரம் சிவப்புக் கோட்டை மறந்து, ஒரு ஸ்பேனர் கடையில "எப்போ விலை?"ன்னு கேட்டுட்டாரு. கடைக்காரருக்கு என்ன தெரியும் பாவம், "நூத்தம்பது"ன்னாரு.

எண்கள்: ஊனோ, தூவே, த்ரே, குவாத்ரோ... எல்லாம் ஓகே. எட்டுல வந்து நின்னுட்டோம். 'ஒத்தோ'. சென்னைவாசிகளே, ஏன் நின்னோம்னு உங்களுக்கே புரியும்! அத்தை சமையல்கட்டுலேர்ந்து கரண்டியோட வந்துட்டாங்க. அதுக்கப்புறம் எட்டு வரும்போது மட்டும் மாமா குரலைத் தாழ்த்திப்பாரு.

டீ குடிக்கறது குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கத்துல ஒரு கடையில. அங்கயும் ரிகர்சல்தான். டீ மாஸ்டர் முதல்ல முறைச்சாரு, அப்புறம் சிரிச்சாரு, அப்புறம் கண்டுக்கவே இல்லை.

ஒரே ஒரு இடத்துலதான் மாமா என்கூட சண்டை போட்டாரு. இத்தாலியன்லயும் நீ, நீங்க உண்டு. நெருக்கமானவங்களுக்கு 'தூ', மரியாதைக்கு 'லேய்'. இந்த 'லேய்'க்கு இன்னொரு அர்த்தம் 'அவள்'. "முதலாளியைப் போய் அவள்னு கூப்பிடறதா? அடி வாங்கி வைக்கறியா?"ன்னாரு. நம்ம ஊர்ல ஒருத்தரையே 'அவங்க வந்தாங்க'ன்னு பன்மையில சொல்ற மாதிரிதான் மாமான்னு அரை மணி நேரம் கெஞ்சினேன். 'சாவ்'னு சினிமாவுல சொல்றாங்களே, அதுவும் நெருங்கினவங்ககிட்ட மட்டும்தான். வயசானவங்க, கடைக்காரங்கன்னா 'புவோன் ஜோர்னோ'. சாயங்காலமானா 'புவோனா சேரா'. கடைக்குள்ள நுழைஞ்சதும் வணக்கம் சொல்லாம சாமானைத் தொடாதீங்க, மரியாதை கெட்டுரும்.

மெஷின் வார்த்தை மட்டும் நான் சொல்லித் தரலை, அவர்தான் எனக்குச் சொன்னாரு! இருபது வருஷமா மெஷின் மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்தே தெரிஞ்சு வச்சிருக்காரு. 'பெரீகோலோ', ஆபத்து. 'லாமா', பிளேடு. 'ரூல்லோ', ரோலர். 'ஸ்பென்தோ', ஆஃப். 'அத்தென்சியோனே அல்லே மானி', கையைப் பத்திரமா வச்சுக்கோ. உச்சரிப்புதான் தெரியாது, அர்த்தம் அத்துப்படி. டிரான்ஸ்லேட் ஆப் இருக்கே, எதுக்கு இவ்ளோ கஷ்டம்னு நான் ஒரு நாள் கேட்டதுக்கு, "கை பூரா கிரீஸா இருக்கும்போது போனை எங்கடி தடவறது?"ன்னுட்டாரு. பாயின்ட்!

கிளம்பற நாள். கார் எல்லாம் வேணாம்னுட்டாரு. தாம்பரத்துல அதே லோக்கல் ஏறி, திரிசூலத்துல இறங்கினோம். ரோட்டைக் கடந்தா ஏர்போர்ட். அதுவரைக்கும் மாமா அந்த ஏர்போர்ட்டை ரயில் ஜன்னல்லேர்ந்து மட்டும்தான் பார்த்திருக்காரு. உள்ள போறதுக்கு முன்னாடி நோட்டை என்கிட்ட காட்டி, "ஏதாவது விட்டுப் போச்சா பாப்பா?"ன்னாரு. எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. "ஒத்தோ மட்டும் பார்த்துச் சொல்லுங்க மாமா"ன்னேன்.

இனி வர்றதெல்லாம் மாமா வாட்ஸ்அப்ல அனுப்பின வாய்ஸ் மெசேஜ் உபயம்.

மிலான் சென்ட்ரல்லேர்ந்து விசென்ட்சாவுக்கு சுமார் ரெண்டு மணி நேர ரயில், தனியா. போர்டுல பிளாட்ஃபார்ம் நம்பர் போட்டிருக்கு, போய் நின்னுட்டாரு. திடீர்னு மைக்ல என்னமோ சொல்றாங்க. கூட்டம் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடுது. மாமாவுக்கு ஒரு மண்ணும் புரியலை. 'பினாரியோ'ன்னு மட்டும் காதுல விழுது. பினாரியோன்னா பிளாட்ஃபார்ம். அடுத்து ஒரு வார்த்தை... 'ஒத்தோ'! "பாப்பா, அத்தனை டென்ஷன்லயும் எனக்கு சிரிப்பு வந்துருச்சு. எட்டாம் நம்பருக்கு ஓடினேன். ஏறின உடனே கதவு சாத்திட்டான்!" மூணு மாச டியூஷனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும், ஃபீஸ் கழிஞ்சுது.

அப்புறம் ஹோட்டல் ரூம்ல குழாய். ஒண்ணுல 'சி', இன்னொண்ணுல 'எஃப்'. சி-ன்னா கூல்தானேன்னு இங்கிலீஷ் மூளை சொல்லிச்சாம். திறந்தா கொதிக்கக் கொதிக்க! இத்தாலியன்ல 'கால்தோ'ன்னா சூடு, 'ஃப்ரெத்தோ'ன்னா குளிர். "தெரிஞ்ச நாலு எழுத்து இங்கிலீஷும் என் கையைச் சுட்டுருச்சு"ன்னாரு.

ரெண்டாவது நாள் முழுக்க காபி இல்லாம இருந்திருக்காரு. ஏன்? தெருவுக்கு நாலு கடை இருக்கு, எல்லாத்துலயும் 'பார்'னு போர்டு! அத்தைக்கு சத்தியம் பண்ணிட்டு வந்தவர் எப்படி நுழைவார்? அப்புறம்தான் பார்த்தாராம், காலையிலேயே ஒரு பாட்டி பேரனோட உள்ள போய் பன் சாப்பிட்டுட்டு வர்றாங்க. இத்தாலியில பார்னா காபிக்கடை, ஃப்ரெண்ட்ஸ்! (மத்ததும் கிடைக்கும்னு வைங்க.) நம்ம டீக்கடை மாதிரி கவுன்ட்டர்ல நின்னுக்கிட்டே குடிச்சா ஒரு யூரோ சொச்சம்தான். டூரிஸ்ட் ஊர்ல உட்கார்ந்து குடிச்சா பில் எகிறும். 'கஃபே'ன்னு கேட்டா இருமல் டானிக் மூடி அளவுக்கு டிகாஷன் வரும். ஸ்டைலா 'லாத்தே' கேட்டீங்கன்னா வெறும் பால் வரும், ஏன்னா லாத்தேன்னாலே பால்தான்! சைவக்காரங்களுக்கு ஒரு துப்பு: அவங்க ஊர் 'பெபெரோனி' கறி இல்லை, குடைமிளகாய். பயப்படாம சாப்பிடுங்க. ஆர்டர் பண்ணும்போது பையன்கள் 'சோனோ வெஜெதாரியானோ'ன்னும், பொண்ணுங்க 'வெஜெதாரியானா'ன்னும் சொல்லணும்.

ரயில்ல போறவங்களுக்கும் ரெண்டு. ரீஜனல் ரயிலுக்கு பேப்பர் டிக்கெட் வாங்கினா, ஏறுறதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல இருக்கற மெஷின்ல முத்திரை குத்தணும். மறந்தா ஃபைன். 'ஷோபெரோ'ங்கற வார்த்தையை எங்க பார்த்தாலும் அன்னிக்குப் பயணத்தை ஒத்திப் போடப் பாருங்க. ஸ்ட்ரைக்!

ஃபேக்டரியில என்ன ஆச்சு? எனக்குத்தான் செம பல்பு. நான் அழுத்தி அழுத்திச் சொல்லிக் கொடுத்தேனே ரெட்டை எழுத்து... அந்தப் பக்கத்து ஆளுங்க அதை அழுத்தறதே இல்லையாம்! வெனிஸ் வட்டாரப் பேச்சுல ரெட்டை மெய் எல்லாம் ஒத்தையாத் தேய்ஞ்சு போயிருக்கு. "நீ சொல்லிக் கொடுத்தது நியூஸ் வாசிக்கற இத்தாலியன். இங்க பேசறது நம்ம காசிமேட்டு பாஷை மாதிரி இருக்கு"ன்னாரு. ஆனா மாமா பேசறது அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு. புரியாத இடத்துல 'பியூ பியானோ'. அதுவும் முடியாட்டி மெஷினைத் தட்டிக் காட்டறது. மூணாம் நாள், ஓடிட்டிருந்த மெஷின் சத்தத்தைக் கேட்டுட்டு மாமா ரோலரைக் காட்டி ஏதோ சொல்லியிருக்காரு. அந்த ஊர் ஃபோர்மேன் கழட்டிப் பார்த்துட்டு, அவர் தோளைத் தட்டி 'ப்ராவோ'ன்னாராம். அந்த வாய்ஸ் மெசேஜை அத்தை நாலு தடவை போட்டுக் கேட்டாங்க.

எனக்குப் பிடிச்சது வேற. அந்த ஊர் டேனரிகள்ல வெளிநாட்டுக்காரங்க நிறைய வேலை பார்க்கறாங்க, இந்தியாக்காரங்களும் உண்டு. மாமா அங்க ஒரு பஞ்சாப்காரரைப் பார்த்திருக்காரு. நம்மாளைப் பார்த்ததும் அவர் சந்தோஷமா ஹிந்தியில ஆரம்பிச்சிருக்காரு. மாமாவுக்கு ஹிந்தி சுத்தமா வராது. இங்கிலீஷ் ரெண்டு பேருக்குமே அரைகுறை. அப்புறம்? ரெண்டு இந்தியர்களும் பார்ல நின்னு, ஆளுக்கு ஒரு கஃபே குடிச்சுக்கிட்டு, இருபது நிமிஷம் இத்தாலியன்ல குடும்பக் கதை பேசியிருக்காங்க! "அவருக்கும் ரெண்டு பொண்ணு பாப்பா. 'தூவே'ன்னாரு. நானும் 'தூவே'ன்னேன்." இணைப்பு மொழிச் சண்டை போடறவங்க இதைக் கொஞ்சம் நோட் பண்ணுங்கப்பா.

மாமா திரும்பி வந்தாச்சு. போன மாசம் மெஷினும் வந்து இறங்கிச்சு, கூடவே அதை நிறுத்திக் கொடுக்க அறுபது வயசு டெக்னீஷியன் ஒருத்தரும். குரோம்பேட்டை வெயில்ல அவர் தக்காளி மாதிரி சிவந்துட்டாரு. மத்தியானம் மாமா அவரை ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிட்டு வந்தாரு. வேடிக்கை பார்க்க நானும் ஆஜர். தாத்தா ஒரே மடக்குல டீயைக் குடிச்சுட்டு, காசை எடுத்துக்கிட்டு, பழக்கதோஷத்துல டீ மாஸ்டரைப் பார்த்து "குவாந்தோ?"ன்னு கேட்டாரு. கரெக்டா, சிவப்புக் கோட்டோட.

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். மாமாவும் திறந்தாரு. டீ மாஸ்டர் கிளாஸைக் கழுவிக்கிட்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காம சொன்னாரு:

"குயிந்திச்சி!"

பதினஞ்சு.